சொல்லிக்கொண்டு கிளம்பிய இடம்

துனிசியா போய்வந்த கதையைக் கேட்பவர்களுக்கு நான் மூன்று விஷயங்கள் சொல்வேன். வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாகக் கடலோரக் குன்றின்மேல் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஆண்கள் காதில் மல்லிகைச் செண்டு செருகிக்கொண்டு நடக்கிறார்கள். மெதுவடையைப் பெரிதாகத் தட்டிச் சர்க்கரையில் புரட்டியதுபோல ஒரு பலகாரத்தைச் சுடச்சுடக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். கேட்டவர்கள் "நீ கொடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நாலாவதாக ஒன்று நடந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பெங்களூரில் இருக்கும் மகளிடம்கூட.

என் வீட்டுக்காரர் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் பற்றி ஆராய்ச்சி செய்பவர். கடலூர் மாவட்டத்தில் எந்த ஊர்க் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், எது உப்பு, எது குடிக்க ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நடராஜர் கோயிலுக்கு என்னோடு வந்தால் சாமியைப் பார்க்க மாட்டார். சிவகங்கைக் குளத்தில் எத்தனை படி நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். சகுனம், பேய், பரிகாரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. வீட்டில் யாராவது ராகுகாலம் என்று வாயெடுத்தால் அப்போதுதான் வேண்டுமென்றே செருப்பை மாட்டுவார். கல்யாணமான புதிதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இப்படிப்பட்ட ஞாபகசக்திக்காரர் ஒரே ஓர் இடத்தை மட்டும் மறந்துவிட்டதாக வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மூத்த பிள்ளையைப் புதைத்த இடம்.

தலைப்பிரசவம் என்பதால் நான் கடலூர் முதுநகரில் அம்மா வீட்டில் இருந்தேன். பையன். மூன்று நாள் இருந்தான். ஏன் போனான் என்பதற்கு டாக்டர் ஒரு காரணம் சொன்னார், அம்மா ஒரு காரணம் சொன்னாள், எனக்கு இரண்டும் காதில் ஏறவில்லை. பெயர் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் பதினாறாம் நாள்தான் பெயர். பால்குடி மாறாத பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அதற்குக் கருமாதி கிடையாது, திதி கிடையாது, காக்கைக்குச் சோறு கிடையாது. பெற்றவள் கூடப் போகக்கூடாது. இடத்தையும் அவளுக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் அவள் மனசு அங்கேயே கிடக்குமாம், அடுத்த பிள்ளை தங்காதாம். என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போனார்கள். என்னை அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இன்றைக்கும் யாராவது சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினால் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவேன்.

மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போன பிறகு கேட்டேன். "இப்பதான் அடுத்தது பொறந்து தங்கிடுச்சே, சொல்லுங்களேன், எங்க?" ஆற்றங்கரை என்றார். எந்த ஆறு என்றேன். இருட்டிவிட்டது, மச்சானுக்குத்தான் தெரியும் என்றார். அண்ணனைக் கேட்டால் உன் வீட்டுக்காரரைக் கேள் என்றான். அண்ணனும் இப்போது இல்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது நான் கேட்பேன், அவர் "ஞாபகமில்ல" என்பார். அஞ்சலகத்தில் இருபத்தெட்டு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். ஊரில் உள்ளவர்கள் வீட்டு முகவரியெல்லாம் எனக்குத் தெரியும், இது ஒன்றுதான் தெரியாது.

போன அக்டோபரில் அவரைத் துனிஸ் நகரத்தில் ஒரு மாநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கடலோர ஊர்களின் கிணறுகளில் கடல்நீர் ஏறுவது பற்றி மாநாடு. ரிட்டயர் ஆவதற்குள் இது ஒன்றுதான் மிச்சம், நீயும் வா என்றார். மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். இரண்டு நாள் நான் ஓட்டல் அறையில் கொண்டுபோன புளியோதரையைத் தின்றுகொண்டு டிவியில் புரியாத பாஷையில் சமையல் பார்த்தேன். மூன்றாவது நாள் மாநாட்டுக்காரர்கள் எல்லோரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றிக்காட்டினார்கள். காலையில் கார்த்தேஜ் இடிபாடுகள், மதியம் அந்த நீலக்கதவு ஊர், மாலையில் துனிஸின் பழைய நகரம். வழிகாட்டியாக வந்தது நாற்பது வயதுப் பெண்மணி. சுருட்டை முடி, தெளிவான ஆங்கிலம். பஸ் கிளம்பும்போது விரலை நீட்டி எண்ணினாள். இருபத்திரண்டு பேர்.

முதலில் கடலை ஒட்டிய குளியல் மண்டபத்துக்குப் போனோம். மண்டபம் என்று சொல்வதற்கு இப்போது மேற்கூரை இல்லை. சுவரின் காலும் தூணின் காலும்தான் கிடக்கின்றன. ஒரே ஒரு தூண் மட்டும் முழு உயரத்துக்கு நிற்கிறது. மற்றவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கல் வாய்க்காலுக்குள் கையை விட்டார். அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த மலை ஊற்றிலிருந்து கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்களாம்.

"பாத்தியா வாட்டத்த? ரெண்டாயிரம் வருஷம் ஆச்சி. நம்ம ஊர் காண்ட்ராக்டர் கட்ன சாக்கட ரெண்டு மழ தாங்குமா?"

"எழுந்திருங்க, பேண்ட்டு அழுக்காவுது" என்றேன். சந்தோஷமாக இருந்தார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த அரைமணியில் அது போய்விட்டது.

அடுத்த இடம் வீடுகளுக்கு நடுவே இருந்தது. சாதாரணத் தெரு, மாடியில் துணி காய்ந்தது, எங்கோ ரேடியோ பாடியது. சின்ன இரும்புக் கேட்டைத் திறந்து நாலு படி இறங்கினால் மரங்களுக்குக் கீழே ஒரு பள்ளம். பள்ளம் நிறையக் கற்கள். முழங்கால் உயரம், சிலது அதைவிடக் குட்டை. மைல்கல் நட்டதுபோல நெருக்க நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே அடையாளம் செதுக்கியிருந்தது. ஒரு முக்கோணம், அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு, அதற்குமேல் ஒரு வட்டம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அம்மாவை வரைந்தால் அப்படித்தான் வரையும்.

வழிகாட்டி சொன்னாள். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஒரு பானை இருந்தது. பானைக்குள் பச்சைக்குழந்தையின் சாம்பலும் எலும்பும். ரோமானியர்கள் வருவதற்கு முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள் வைத்தது. பிள்ளைகளைத் தெய்வத்துக்குப் பலி கொடுத்தார்கள் என்று அவர்களின் எதிரிகள் எழுதிவைத்தார்கள். இல்லை, பிறந்து சில நாளில் தானாக இறந்துபோன பிள்ளைகளைத் தனியாக இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்று சிரித்தாள்.

கூட வந்தவர்களுக்குப் பலிதான் பிடித்திருந்தது. ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. கல்லைக் கொத்தி, அம்மா படம் போட்டு, வரிசையில் நட்டுவிட்டுப் போனவர்களையா கொலைகாரர்கள் என்பது? எனக்கு ஆராய்ச்சி தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் அன்றைக்கு இரண்டாவது கட்சிதான்.

கூட்டம் கல் வளைவு போட்ட ஒரு தாழ்வான அறைக்குள் குனிந்து போனது. நான் போகவில்லை. வெளியே ஒரு சின்னக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைப்பக்கம் வெயிலில் சுட்டது, அடிப்பக்கம் சில்லென்று இருந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் ஒரு பிள்ளை இருந்த இடத்தைக் கடலூர்க்காரி ஒருத்தி வந்து கையால் தொட முடிகிறது. என் பிள்ளைக்கு இப்படி ஒரு கல் இல்லை. எங்கே என்று காட்ட ஆளும் இல்லை. அழுகை வரவில்லை. கையை எடுக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் மரத்தில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை, ரேடியோவும் நின்றிருந்தது. யாரோ மூச்சு விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

படிமேல் நின்று வழிகாட்டி கூப்பிட்டாள். எழுந்து புடவையைத் தட்டினேன். கல்லின் தலையில் கை வைத்து, "போயிட்டு வரேன்" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போறேன்" என்று சொல்ல நமக்கு வராது. போயிட்டு வரேன் என்றுதான் வரும். ஒரே ஓர் இடத்தில்தான் அதைச் சொல்லக்கூடாது. சாவு நடந்த வீட்டிலும் சுடுகாட்டிலும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. சொன்னால் திரும்ப வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த கணக்கு. அல்லது, நீயும் வா என்று கூப்பிட்ட கணக்கு. ஐந்து வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

நிமிர்ந்தால் என் வீட்டுக்காரர் எதிரே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் சொன்ன?"

"என்னா சொன்னேன்?"

"இங்க போய் அத ஏன் சொன்ன நீ?" ராகுகாலத்தில் செருப்பு மாட்டுகிற ஆள் இப்படிப் பேசினால் எனக்கு எப்படி இருக்கும்? பயந்துவிட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார். நான் திரும்பிப் பார்த்தேன்.

பஸ்ஸில் வழிகாட்டி விரல் நீட்டி எண்ணினாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு முன்னாலிருந்து இன்னொரு முறை எண்ணினாள். "இருபத்து மூன்று" என்று டிரைவரிடம் சொல்லிச் சிரித்தாள். மூன்றாவது தடவை எண்ணி இருபத்திரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பக்கத்தில் ஒட்டி உட்காரவில்லை. நடுவே ஒரு சாண் இடம் விட்டு, ஓரத்தில் தொங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நீலக்கதவு ஊரில் எல்லாம் அழகாக இருந்தது. கதவில் ஆணியடித்தே கோலம் போட்டிருந்தார்கள். கீழே கடல். எனக்கு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. கடைக்காரர்கள் புடவையைப் பார்த்து ஏதோ இந்தி நடிகரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தட்டு நிறைய மல்லிகைச் செண்டு வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். மொட்டுகளை ஒவ்வொன்றாகக் குச்சியில் கட்டி, குடமிளகாய் அளவுக்கு இறுக்கிய செண்டு. ஒன்றை என் மூக்கருகே நீட்டினார்.

எனக்கு மார்பு கூசியது. ரவிக்கைக்குள் ஊசி குத்துவதுபோல, உள்ளிருந்து இறங்குவதுபோல. ஐம்பத்தெட்டு வயது எனக்கு. முதுநகரில் அந்த அறையில், பிள்ளை போன மறுநாளிலிருந்து பால் நிற்காமல் வடிந்தது. வற்றுவதற்காக அம்மா மல்லிகைப்பூவைப் பந்தாக வைத்து மார்போடு துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு அதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். வாடினால் எடுத்துவிட்டு வேறு பூ வைப்பாள். எட்டு நாள். வெளியே பூ வாங்கப் போன என் வீட்டுக்காரரிடம் பூக்காரி "வீட்ல என்னா விசேஷம்?" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு நான் மல்லிகை வைத்துக்கொண்டதில்லை. மகள் கல்யாணத்தில்கூடக் கனகாம்பரம்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். பெரியவர் விடாமல் செண்டை என் கையில் திணித்துவிட்டுக் காசு வாங்காமல் போனார். என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி, இடுப்புயரத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார். அங்கே யாரும் இல்லை.

அவரிடம் சொன்னேன். "எனக்கு என்னமோ மாதிரி இருக்குது. கூட யாரோ வர்ற மாதிரி."

"வெயிலு" என்றார். "தண்ணி குடி."

"எங்க பொதைச்சீங்க?"

வெளிநாட்டில் நடுத்தெருவில் கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார். "ஞாபகமில்ல" என்றார். அந்தச் சர்க்கரை வடையை ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைக் கையிலேயே வைத்திருந்தார், எண்ணெய் முழங்கைவரை வழிந்தது.

மாலையில் துனிஸின் பழைய நகரத்துக்குள் விட்டார்கள். மேலே கூரை மூடிய சந்துகள். ஒரு சந்து முழுக்கச் சிவப்புத் தொப்பி, ஒரு சந்து முழுக்க அத்தர், ஒன்றில் பித்தளைத் தட்டு. நடுவே பெரிய பள்ளிவாசல். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு முற்றத்தின் ஓரத்தில் நின்றோம். சுற்றிலும் தூண்கள், ஒன்றுபோல ஒன்று இல்லை. இவையெல்லாம் காலையில் பார்த்தோமே, அந்த இடிபாடுகளிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் பெயர்த்துக் கொண்டுவந்தவை என்று வழிகாட்டி சொன்னாள். அங்கிருந்து தூண்கள் வந்திருக்கின்றன. தூண்களோடு வேறு என்னென்ன வந்ததோ என்று எனக்கு ஓடியது. அப்படி நினைத்திருக்கக்கூடாது.

சந்தில் திரும்பி நடக்கும்போது என் புடவை இழுபட்டது. பின்பக்கம், இடுப்புக்குக் கீழே. கடைக்குப் போகும்போது பிள்ளை பிடித்துக்கொண்டு வருமே, அந்த உயரம். நின்றேன். விட்டது. நடந்தேன். மறுபடியும் இழுத்தது. சுவரில் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று சுண்ணாம்பு. பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. விட்டுவிடப் போகிறதே என்று அடியை மெதுவாக எடுத்து வைத்தேன்.

"மெதுவா நடங்க" என்று அவரிடம் சொன்னேன். "அவனால முடியல."

அவர் அப்படியே நின்றார். தண்ணீர் வராத பழைய குழாயடி ஒன்று அங்கே இருந்தது. அதன் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அம்மா இறந்தபோதுகூட. அங்கே உட்கார்ந்து தோள் குலுங்க அழுதார். தொப்பிக் கடைக்காரர் எழுந்து வந்து ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

"நானும் சொன்னேன்" என்றார்.

"என்னா?"

"அன்னைக்கி மச்சான் குழி வெட்னாரு. நான்தான் எறக்குனேன். மண்ணு தள்ளி முடிச்சிட்டு எழுந்தப்ப வாய்ல வந்துடுச்சி. போயிட்டு வரேன்டான்னு. மச்சான் பட்டுன்னு என் வாயப் பொத்துனாரு. சொன்னது சொன்னதுதான? எனக்குத்தான் அதுல எல்லாம் நம்பிக்க இல்லயே, போனா போவுதுன்னு வந்துட்டேன். ஒரு மாசம் தூங்கல. வரேன்னு சொல்லிட்டுப் போவாம இருக்கோமே, பாத்துட்டு இருக்குமேன்னு."

"அப்ப?"

"போனேன். அப்பலேர்ந்து போய்ட்டுதான் இருக்கறேன். மாசா மாசம்."

"எங்க போனீங்க மாசா மாசம்? ஒரு நாளு சொல்லிட்டுப் போனது கெடையாதே?"

"ரீடிங் எடுக்கப் போறேன்னு சொல்லுவேன்ல. கடலூர் பக்கம்."

ஒவ்வொரு மாசமும் முதல் வாரம் அவர் கிணறுகளை அளக்கக் கடலூர்ப் பக்கம் போவார். விடியற்காலையில் எழுந்து நான் தயிர்சாதம் கட்டிக் கொடுப்பேன். எலுமிச்சை ஊறுகாய் தனியாகப் பொட்டலம். முப்பத்தோரு வருஷம் நானே சோறு கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து அனுப்பிவைத்திருக்கிறேன்.

"ஞாபகமில்லன்னீங்களே?"

"ஊருக்குப் போனதும் காட்றேன்" என்றார். வழிகாட்டி எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் எண்ணியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும் விமானத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு ஸீட் காலியாக இருந்தது. நான் பையை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. கால் நீட்ட முடியாத ஒருவர் வந்து இங்கே உட்காரலாமா என்று கேட்டார். "ஆள் இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர், தமிழில்.

ஊர் வந்த மூன்றாம் நாள் காலையில் காரில் முதுநகர் போனோம். ரயில்வே கேட்டைத் தாண்டி, ஐஸ் கட்டி உடைக்கும் இடத்தையும் படகு நிற்கும் இடத்தையும் தாண்டி, உப்பனாற்றங்கரைமேல் கருவேலங்காட்டுக்குள் வண்டி போகாத பாதை. நடந்தோம். நான் பிறந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் நண்டு வாங்க எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் வந்திருக்கிறேன், அறியாமல். அன்றைக்குக் காற்றே இல்லை. முள்மரத்து நிழலில் சேறு கறுப்பாக, அசையாமல் கிடந்தது.

காட்டுக்குள் சின்னத் திறப்பு. அங்கே தரையில் சிமெண்டு மேடை கட்டி, அதன் நடுவே மூன்றடி உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நின்றது. மேலே மூடி, பூட்டு. குழாயில் மஞ்சள் பெயிண்டால் 20 என்று எழுதியிருந்தது.

"இது என்னா?"

"அப்சர்வேஷன் வெல்லு. தண்ணி மட்டம் பாக்கறதுக்கு." சாவியை எடுத்தவர், பூட்டைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "என் ஆராய்ச்சிக்குப் பத்தொம்போது கெணறுதான் பிளானு. இத நான் சேத்தேன். எதுக்கு இங்கன்னு கேட்டாங்க. உப்புத் தண்ணி ஏறுதான்னு பாக்கறதுக்குன்னேன். கவுர்மெண்டு நம்பர் போட்டுட்டா யாரும் கை வைக்க மாட்டான், வீடு கட்ட மாட்டான். நானும் வரதுக்கு ஒரு காரணம் ஆச்சி. ரெண்டு தடவ தண்ணி வந்து இந்தக் கரையே உருத்தெரியாம போச்சி. பைப்பு மட்டும் நின்னுது." குழாயின் மூடிமேல் கை வைத்தார். "இந்தக் கெணத்து ரீடிங்க வச்சி எழுதுன பேப்பருக்குத்தான் துனிஸுக்குக் கூப்ட்டாங்க."

"எங்க?"

குழாயிலிருந்து தெற்கே நாலு அடி வைத்தார். நின்றார். காலுக்கு முன்னால் தரையைக் காட்டினார். அங்கே மட்டும் முள் இல்லை, பெருக்கி வைத்ததுபோல இருந்தது.

அழுவேன் என்று நினைத்துத்தான் வந்தேன். வீட்டிலேயே கைக்குட்டை இரண்டு எடுத்துவைத்திருந்தேன். வந்தது அழுகை இல்லை, பொறாமை. சுத்தமான பொறாமை. அவனுக்கு ஒரு அப்பா இருந்திருக்கிறார். மழையில், வெயிலில், மாசம் தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கைச் சோற்றைத் தின்றுவிட்டுப் போகிற அப்பா. அம்மா மட்டும்தான் இல்லை. மூன்று நாளோடு என் பங்கு முடிந்துபோய்விட்டது.

"எங்கம்மா உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சின்னே வச்சிக்குவோம். பொண்ணு பொறந்துச்சே, அப்ப சொல்லலாம்ல? அம்மா செத்துச்சே, அப்ப சொல்லலாம்ல? நான் எத்தன தடவ கேட்டேன்?"

"சொன்னா நீ இங்கியே உக்காந்துடுவியோன்னு பயம்."

"அது மொதல்ல. அப்புறம்?"

சாவியைச் சட்டைப்பையில் போட்டார். அவர் பொய் சொல்ல நினைத்தால் சொல்லியிருக்கலாம், நான் நம்பியிருப்பேன்.

"அப்புறம், இது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சி" என்றார். "பொண்ணுக்கு நீதான் எல்லாம். இவன்கிட்ட நான் மட்டும்தான் வரேன். உன்கிட்ட சொல்லிட்டா நீ வந்துடுவ. நீ வந்துட்டா என்னய எங்க தேடப்போறான்."

அந்த வார்த்தைக்கு நான் அவரை அடித்திருக்க வேண்டும். கையைக்கூட ஓங்கினேன். அவர் தடுக்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டேன்.

"நீங்க வண்டிகிட்ட போங்க" என்றேன்.

"தனியாவா? இங்க பாம்பு இருக்கும்."

"போங்க."

போனார். முள்ளை விலக்கும் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது, பிறகு இல்லை. நான் புடவையைச் சுருட்டிக்கொண்டு அந்த மண்ணில் உட்கார்ந்தேன். ஈரமாக இருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் போய்விட்டேனே என்று இருந்தது. உள்ளங்கையைத் தரையில் பரப்பி வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் குழாய்க்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

பாதையில் இருந்து அவர் குரல் கேட்டது. கிட்டே வரப் பயந்து அங்கேயே நின்றிருந்தார்.

"மணி ரெண்டாவுது. கெளம்பலாமா?"

"நீங்க முப்பத்தோரு வருஷம் இருந்தீங்க இல்ல?" என்றேன். "எனக்கு இன்னிக்கித்தான் மொத நாளு."

அவர் திரும்பி நடந்து போய், வண்டியை நிழலுக்குத் தள்ளி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.